தளை தட்டினால் 'அன்றோ' போடாதீர்கள்

வணக்கம். தளை தட்டும் இடமெல்லாம், அதாவது ஒரு சீர் (செய்யுளின் சொல் அலகு) அடுத்த சீரோடு விதிப்படி இணையாத இடமெல்லாம், 'அன்றோ', 'தானே' சேர்த்து வெண்பாவை நிரப்புவதாகவும், படித்தால் உயிரில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அசைச்சொல்லால் ஒட்டுப்போடாமல் வினையை மாற்றிப் பாருங்கள்.

உங்கள் ஈற்றடி 'மாலை வந்த மழை'. 'மாலை' தேமா, அதாவது நேர் அசையில் முடியும் ஈரசை மாச்சீர். மாச்சீரை அடுத்து நிரை (மெய்யை எண்ணாமல் ஈரெழுத்து அசை, 'நனைத்' போல) வரவேண்டும், 'வந்த' நேரில் (ஓரெழுத்து அசை, 'வந்' போல) தொடங்குகிறது. 'மாலை நனைத்த மழை' என்றால் தளை சரியாகிறது. 'மழை' மலர் வாய்பாட்டில் (வெண்பாவின் கடைசிச் சீருக்குரிய வடிவங்களில் ஒன்று) முடிவதும் பொருத்தம். அதைவிட, வெறுமனே வந்த மழை இப்போது நனைக்கிறது! எனக்கு யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், பிடித்துப்போனதே இதனால்தான். முதலில் தோன்றிய சோம்பலான சொல்லை அது ஏற்பதில்லை.

விளத்தையும் (நிரையில் முடியும் ஈரசைச் சீர்) காயையும் (நேரில் முடியும் மூவசைச் சீர்) அடுத்து நேர் வரவேண்டும். சில மாதங்கள் ஏழு சீர்க் குறள் வெண்பா மட்டும் எழுதுங்கள், வாய்விட்டுப் படித்தபடி. அடுத்ததையும் இங்கே இடுங்கள், ஆவலோடு படிப்பேன்.