யோசனைப் பெட்டி ஏன் காலி?

கேள்வி: ஆம்பூரில் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். 60 பேர், பெரும்பாலும் பெண்கள். புது யோசனை சொன்னால் 1,000 ரூபாய் என்று வாசலில் பெட்டி வைத்தோம். நாலு மாதத்தில் விழுந்தது மூன்றே சீட்டு. மூன்றும் ஃபேன், கழிவறைப் புகார். எங்கே தப்பு?
- வாசகர், ஆம்பூர்

பதில்: ஃபேனைச் சரிசெய்துவிட்டீர்களா? புகாருக்கே பதில் வராத பெட்டியில் யோசனையை யார் போடுவார்கள்? முதலில் அந்த மூன்றையும் முடியுங்கள்.

அடுத்தது டார்கெட். ‘இப்படித் தைத்தால் சீக்கிரம் முடியும்’ என்று ஒருவர் சொல்லப்போய், மணிக்கு 40 ஜோடி என்பது 46 ஆனால் லைன் முழுக்க அவரைத் திட்டும். யோசனையால் மிச்சமாகும் நேரத்தைக் காட்டி 6 மாதத்துக்கு டார்கெட்டை ஏற்றமாட்டோம் என முதலாளியிடம் எழுதி வாங்கி ஒட்டுங்கள். அவர் ஒப்பாவிட்டால் மேற்கொண்டு மெனக்கெட வேண்டாம்.

பெட்டியை எடுத்துவிட்டு வாரம் ஒருநாள், டீ நேரத்துக்கு முன் 10 நிமிடம் லைனிலேயே கேளுங்கள்; வேலை நேரத்தில்தான், ஷிப்ட் முடிந்தபின் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். ‘புதுமையாக ஏதாவது’ என்றால் ஒன்றும் வராது. ‘பாபின் நூல் தீர்ந்து மெஷின் நிற்பதைக் குறைக்க என்ன வழி?’ என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர்கள் வாயால் சொல்லட்டும், பெயரோடு போர்டில் நீங்கள் எழுதுங்கள். 7 நாளில் பதில். முடியாது என்றாலும் காரணத்தோடு.

6-ம் நம்பர் அப்பரும் 7-ம் நம்பரும் கலந்துவிடுகின்றன என்று வையுங்கள். சைஸ் தெரிய ஓரத்தில் போட்ட வெட்டுக்குறி, மடித்துத் தைத்ததும் மறைந்துபோகிறது. அப்பர் கட்டுகளுக்கு சைஸுக்கொரு நிறத்தில் ரப்பர் பேண்ட் போடலாம் என்கிறார் ஒருவர். ஒரே லைனில் 3 நாள் பாருங்கள். அதற்கு முந்தைய 3 நாளில் எத்தனை ஜோடி கலந்தது என்று முதலில் எண்ணி வைக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். பழைய கணக்கு இல்லாவிட்டால் ‘பரவாயில்லை, நல்லாத்தான் இருக்கு’ என்ற பேச்சோடு போய்விடும். மெல்லிய தோலில் ரப்பர் பேண்ட் தடம் பதியலாம். அதற்காக யோசனையைத் தூக்கிப் போடாமல், கட்டுக்குள் கலர் அட்டை செருகிப் பாருங்கள். இந்த மாதிரிச் சோதனைக்கு 500 ரூபாய் வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கட்டும்.

பரிசு? ஒருவருக்கு 1,000 என்றால் ‘நான்தான் முதலில் சொன்னேன்’ என்ற சண்டை நிச்சயம். சோதித்துப் பார்த்த ஒவ்வொரு யோசனைக்கும், பலித்தாலும் பலிக்காவிட்டாலும், 100 ரூபாயை அன்றைக்கே லைன் முன்னால் கொடுங்கள். சம்பளத்தோடு சேர்த்துப் போட்டால் எதற்கென்றே தெரியாமல் போகும்.