வெண்கல விருதுப் பயணத்துக்கு 300 பவுண்ஸ் செலவழிக்க வேண்டுமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் ஆண்டு படிக்கிறாள். இளையோர் நடைப்பயணம், தொண்டு போன்றவை செய்து பெறும் டியூக் ஒஃப் எடின்பரோ விருதின் வெண்கல நிலைக்குப் பதிந்திருக்கிறாள். ஏப்ரல் கடைசியில் பயிற்சிப் பயணம், யூன் மாதம் உண்மையான பயணம். பாடசாலை இரண்டு பக்கத்துக்குச் சாமான் பட்டியல் அனுப்பியிருக்கிறது. முதுகுப்பை, ஸ்லீப்பிங் பாக், சப்பாத்து, மழைக்கோட்டு என்று கூட்டிப் பார்த்தால் 300 பவுண்ஸுக்கு மேலே போகிறது. எங்கள் வீட்டில் யாரும் கூடாரத்தில் படுத்துப் பழக்கமில்லை. எதை வாங்குவது, எதை விடுவது என்றே தெரியவில்லை. இரண்டு நாளுக்கு இவ்வளவு காசு தேவையா?
– ஹரோவிலிருந்து ஒரு தாய்

பதில்: தேவையில்லை. 100, 120 பவுண்ஸோடு முடிக்கலாம். கொஞ்சம் அலைந்தால் அதிலும் குறையும். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நேரே கடைக்குப் போவதால்தான் செலவு ஏறுகிறது.

முதலில் பாடசாலையில் இந்த விருதுக்குப் பொறுப்பான ஆசிரியருக்கு இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள். “இந்தப் பட்டியலில் எவற்றை நீங்கள் இரவலாகத் தருவீர்கள்?” என்ற ஒரு வரி போதும். கூடாரம், அடுப்பு, சமையல் பாத்திரம், வரைபடம், திசைகாட்டி எல்லாம் குழுவுக்குப் பொதுவானவை. அவற்றைப் பெரும்பாலும் பாடசாலையே கொடுக்கும். பல இடங்களில் முதுகுப்பையும் படுக்கை விரிப்பும்கூட இருக்கும், ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதுமான அளவு இருக்காது. முந்திக் கேட்டவருக்குத்தான் கிடைக்கும். இலவச மதிய உணவு பெறும் பிள்ளை என்றால் பண உதவி ஏதும் உண்டா என்றும் சேர்த்துக் கேளுங்கள். இப்படிக் கேட்க நம்மவர்கள் கூச்சப்படுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு கூச்சமும் வேண்டாம், அந்தச் சாமான் பிள்ளைகளுக்காகவே வாங்கி வைத்திருப்பது. விருதுக்குப் பதிந்த பிள்ளைகளுக்குச் சில வெளிப்புறச் சாமான் கடைகளில் விலைக்கழிவு தரும் அட்டையும் உண்டு. உங்கள் மகளுக்கு அது வந்துவிட்டதா என்று பாருங்கள்.

வெண்கல நிலை என்பது இரண்டு பகலும் ஓர் இரவும். நாளுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நடையும் மற்ற வேலைகளும். நாலு முதல் ஏழு பிள்ளைகள் ஒரு குழு. பெரியவர்கள் தூர நின்று கண்காணிப்பார்கள், கூட நடந்துவர மாட்டார்கள். தேவையான எல்லாவற்றையும் பிள்ளையே முதுகில் சுமக்க வேண்டும். ஆகவே தேவையில்லாத ஒரு பொருள் வாங்கினால் காசும் போய், முதுகும் நோகும்.

காசு போட வேண்டிய இடம் மூன்றுதான்: கால், மழை, இரவுக் குளிர்.

காலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதில்தான் நான் பிழை விட்டேன். என் மூத்தவனுக்கு 80 பவுண்ஸ் கொடுத்து நல்ல நடைச் சப்பாத்து வாங்கினேன். வாங்கியது வியாழக்கிழமை, அவன் போனது சனிக்கிழமை. ஞாயிறு பின்னேரம் வந்து காலுறையைக் கழற்றும்போது குதிக்கால் தோல் அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. சப்பாத்தில் ஒரு குறையும் இல்லை. கால் அதற்குப் பழகவில்லை, அவ்வளவுதான். ஆகவே 40 பவுண்ஸ் சப்பாத்தை ஆறு கிழமை முந்தி வாங்குங்கள். கடைக்கும் பூங்காவுக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் அதையே போட்டுக்கொண்டு போகட்டும்.

வாங்கும்போது பின்னேரத்தில் போங்கள், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். கயிறு கட்டாமல் காலை முன்னுக்குத் தள்ளி நின்றால், குதிக்காலுக்குப் பின்னால் ஒரு விரல் போக இடம் இருக்க வேண்டும். பிறகு இறுக்கிக் கட்டிக்கொண்டு சரிவான பலகையிலோ படியிலோ இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் அந்தச் சோடி வேண்டாம். இன்னொன்று: பிரித்தானியாவில் சிறுவர் அளவு உடுப்புக்கும் சப்பாத்துக்கும் வற் (VAT) வரி இல்லை, பெரியவர் அளவுக்கு 20 வீதம் உண்டு. மகளின் கால் சிறிதென்றால் முதலில் சிறுவர் பகுதியில் தேடுங்கள். அங்கே விலை நன்றாகக் குறையும்.

அடுத்தது மழைக்கோட்டு. அட்டையில் “வோட்டர்ப்ரூஃப்” என்று இருக்க வேண்டும். “ஷவர்ப்ரூஃப்”, “வோட்டர் ரெசிஸ்டன்ற்” என்றால் தூறலுக்குத் தாங்கும், ஆறு மணி நேர மழைக்குத் தாங்காது. அதையும் நம்பிவிடாமல் கோட்டை உள்பக்கம் புரட்டி, தோள்மூட்டிலும் தொப்பியிலும் தையலைப் பாருங்கள். தையலின் மேலே விரல் அகலத்தில் வழவழப்பான நாடா ஒட்டியிருக்க வேண்டும். அந்த நாடா இல்லையென்றால் ஊசி போன துளை ஒவ்வொன்றாலும் தண்ணீர் உள்ளே வரும். துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை. நாடா ஒட்டிய கோட்டு 30 பவுண்ஸ் அளவிலேயே கிடைக்கிறது. மேலே போடும் மழைக் காற்சட்டை இருப்பதில் மலிவானதே போதும்.

ஸ்லீப்பிங் பாக்கில் பெரும்பாலும் மூன்று வெப்பநிலைகள் எழுதியிருப்பார்கள். ஆகக் குறைந்த எண்ணைப் பெரிதாகப் போட்டு விற்பதுண்டு. அது உயிர் பிழைப்பதற்கான எல்லை, அந்தக் குளிரில் நித்திரை வராது. நீங்கள் பார்க்க வேண்டியது “கம்ஃபர்ட்” என்ற எண். ஏப்ரல் இரவுக்கு அது 5 பாகை அளவிலோ அதற்குக் கீழேயோ இருந்தால் நல்லது. இறகு நிரப்பியது வேண்டாம், விலையும் கூட, நனைந்தால் சூடும் போய்விடும். செயற்கைப் பஞ்சு போதும். வசந்த காலத்தில் அல்டி, லிடில் கடைகளின் நடு வரிசைக்கு வரும் சாமான்களையும் ஒரு கண் பார்த்து வையுங்கள். இரவல் பை கிடைத்து அது மெல்லியதாக இருந்தால், பழைய மெல்லிய சேலை ஒன்றை இரண்டாக மடித்து, அடியையும் பக்கத்தையும் தைத்து உறை போல உள்ளே போட்டுவிடுங்கள். கடையில் இதையே “லைனர்” என்று விற்கிறார்கள். நிலத்தில் விரிக்க மலிவான ஃபோம் பாய் போதும். காற்றடிக்கும் மெத்தை முள் குத்தினால் அன்றிரவு நிலத்தில்தான் படுக்கை.

முதுகுப்பையை முடிந்தவரை இரவல் வாங்குங்கள். 60 லீற்றர் அளவு, இடுப்புப் பட்டி கட்டாயம். பட்டி வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பின் மேல் உட்கார வேண்டும், பாரம் அங்கேதான் இறங்கும். வீட்டில் சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. பையில் அரிசி மூட்டையை வைத்து, பட்டியைக் கட்டி, படியில் நாலு தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிள்ளையின் நிறையில் கால்வாசிக்கு மேல் சுமக்க விடக்கூடாது. 48 கிலோ பிள்ளைக்கு எல்லாம் சேர்த்து 12 கிலோ. அதுவே அதிகம், குறைந்தால் இன்னும் நல்லது. பைக்கு மேலே போடும் மழை உறைக்குக் காசு செலவழிக்காதீர்கள். கட்டட வேலைக்கு விற்கும் தடித்த குப்பைப் பையை உள்ளே விரித்து, அதற்குள் சாமானை அடுக்கி, வாயை முறுக்கிவிட்டால் ஒரு துளி உள்ளே போகாது.

மற்றதெல்லாம் வீட்டில் இருக்கிறது. விளையாட்டுப் பாடத்துக்குப் போடும் பொலியெஸ்டர் மேற்சட்டை, லெகிங்ஸ், ஒரு ஃப்ளீஸ். ஜீன்ஸ் மட்டும் கூடவே கூடாது, நனைந்தால் ஈயம் போலக் கனக்கும், காயவும் காயாது. தட்டுக்கு ஒரு பிளாஸ்ரிக் டப்பா, ஒரு கரண்டி. நெற்றியில் கட்டும் ரோர்ச் ஒன்று வாங்குங்கள். கத்தியும் மடிக்கும் கதிரையும் வேண்டாம்.

பழைய சாமான் வாங்குவதென்றால், பயணங்கள் முடிந்த பிறகு, செப்ரெம்பர் தொடக்கம் வின்ரெட் இணையச் சந்தையில் நிறைய வரும். உங்களுக்கு அதுவரை நேரமில்லை. தமிழ்ப் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் இன்றிரவே கேட்டுப் பாருங்கள். ஒரு இரவு படுத்துவிட்டு மேல்மாடி அறையில் போட்ட ஸ்லீப்பிங் பாக் எத்தனையோ வீட்டில் கிடக்கிறது. சப்பாத்து மட்டும் பழையது வேண்டாம், அது இன்னொருவர் காலுக்கு வளைந்திருக்கும்.

கேள்வி: மகனுக்கு இணையத்தில் 45 பவுண்ஸுக்கு “வோட்டர்ப்ரூஃப்” மழைக்கோட்டு வாங்கினேன். மூன்று கிழமை கழித்துப் பயிற்சிப் பயணத்தில் தோள் வழியாக ஒழுகி, உள்ளே எல்லாம் நனைந்துவிட்டது. கடையில் கேட்டால் “14 நாள் முடிந்துவிட்டது, பாவித்தும் விட்டீர்கள், வேண்டுமானால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்” என்கிறார்கள். விட்டுவிடுவதா?
– குரோய்டனிலிருந்து ஒரு தந்தை

பதில்: விடாதீர்கள். அவர்கள் இரண்டு சட்டங்களைக் குழப்புகிறார்கள். 14 நாள் என்பது இணையத்தில் வாங்கிய பொருள் மனதுக்குப் பிடிக்காமல் திருப்பித் தருவதற்கு. உங்கள் கோட்டில் இருப்பது குறை. மழை தாங்கும் என்று சொல்லி விற்றது மழை தாங்கவில்லை. 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுக் காசையும் கேட்கலாம். பாவித்ததால் அந்த உரிமை போகாது, மழையில் போடாமல் ஒழுகுவதை எப்படிக் கண்டுபிடிப்பது? பொறுப்பும் விற்ற கடையுடையது, தயாரிப்பாளரிடம் தள்ளிவிட முடியாது.

மூன்று கிழமை போய்விட்டதால் நாளைக் கடத்தாமல் இன்றே எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசி வேண்டாம். ஒழுகிய இடத்தின் படம், விற்பனைப் பக்கத்தில் “வோட்டர்ப்ரூஃப்” என்று போட்டிருக்கும் படம், பற்றுச்சீட்டு மூன்றையும் இணைத்து, “30 நாளுக்குள் பொருளை நிராகரிக்கிறேன், முழுப் பணமும் வேண்டும்” என்று எழுதுங்கள். மறுத்தால் சிற்றிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி இணைப்பில் ஆலோசனை இலவசம். வங்கி அட்டையில் கட்டியிருந்தால் “சார்ஜ்பாக்”, அதாவது வங்கி மூலமாகவே காசைத் திருப்பி எடுத்துத் தரும்படி, கேட்கலாம். கடனட்டைக்கு இருக்கும் கூடுதல் பாதுகாப்பு 100 பவுண்ஸுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான், இதற்குப் பொருந்தாது.

30 நாள் தாண்டியவர்களும் கைவிடத் தேவையில்லை. திருத்தித் தரவோ மாற்றித் தரவோ கேட்கும் உரிமை அதற்குப் பிறகும் உண்டு.

இணையத்தில் சப்பாத்து வாங்குபவர்களுக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு. அளவு சரியில்லை என்று 14 நாளுக்குள் திருப்ப வேண்டி வந்தால், கடையில் போட்டுப் பார்க்கும் அளவுக்கு மேல் பாவித்திருக்கக் கூடாது. முதலில் வீட்டுக் கம்பளத்தில் மட்டும் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள். சரியென்று தெரிந்த பிறகு வெளியே போடலாம். கடைக்குப் போய் வாங்கினால் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பும் உரிமை சட்டத்தில் இல்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை வாசித்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கேள்வி: பேத்தி இப்படி ஒரு பயணம் போகிறாள். அங்கே சாப்பிட என்ன கட்டிக் கொடுக்கலாம்? கடையில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பொதி ஒன்றே எட்டு, ஒன்பது பவுண்ஸ் என்கிறாள். புளிச்சாதம் கட்டிவிடவா?
– ஈஸ்ற்ஹாமிலிருந்து ஓர் அம்மம்மா

பதில்: அம்மா, முதல் நாள் மதியத்துக்குப் புளிச்சாதம் நல்ல சாப்பாடு, தாராளமாகக் கட்டுங்கள். இரவுக்கு வேண்டாம், பைக்குள் நாள் முழுக்க இருந்த சோறு கெட்டுவிடும். இரவில் அவர்களே சிறிய அடுப்பில் சமைக்க வேண்டும்.

அந்த விலையுயர்ந்த பொதிக்குப் பதில் நீங்களே ஒன்று செய்து கொடுக்கலாம். ரவையை நன்றாக வறுத்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் முந்திரியும் சேர்த்து, முழுக்க ஆறிய பிறகு சிப் பையில் போட்டுவிடுங்கள். எண்ணெய் கொஞ்சமாகவே விடுங்கள். ஒரு கோப்பை கலவைக்கு இரண்டரைக் கோப்பை கொதி தண்ணீர். அளவைப் பையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள், அங்கே கேட்க நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். போவதற்கு முன் ஒரு தரம் வீட்டு அடுப்பில் அவளையே செய்யவிட்டுப் பாருங்கள். கூட வரும் பிள்ளைகளில் யாருக்காவது கச்சான், முந்திரி ஒவ்வாமை இருக்கிறதா என்று கேட்டுவிட்டே முந்திரியைப் போடுங்கள்.