வீட்டுக்கும் காருக்கும் எந்த பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாம்?

கேள்வி: வீட்டில் ஒன்று, காரில் ஒன்று என்று தற்காப்புக்கு வைத்துக்கொள்ள வேண்டும். உயிருக்கு ஆபத்து வராததாக எதை வாங்கலாம்?

பெப்பர் ஸ்ப்ரே வாங்குங்கள். இந்தியாவில் அதற்கு லைசென்ஸ் தேவையில்லை. ஷாக் அடிக்கும் ஸ்டன் கன் வேண்டாம். அதை எதிராளியின் உடம்பில் அழுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவு கிட்டே வந்தவன் முதலில் உங்கள் கையைத்தான் பிடிப்பான். ஸ்ப்ரே என்றால் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்றே அடிக்கலாம்.

பலரும் மிளகு ஸ்ப்ரே என்று சொன்னாலும் உள்ளே இருப்பது மிளகாய்ச் சாறு. டப்பாவில் 20 லட்சம் ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) என்று பெரிதாகப் போட்டிருப்பது, கலப்பதற்கு முன் அந்தச் சாற்றுக்கு இருந்த காரம். கலவையில் கேப்சைசினாய்டு, அதாவது மிளகாயின் காரப்பொருள், எத்தனை சதவீதம் என்று பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்புகளில் பெரும்பாலும் 0.18 முதல் 1.33 வரை போட்டிருக்கும்.

காரத்தைவிட நாசில்தான் முக்கியம். புகைபோல விரியும் வகை குறி தவறாது. ஆனால் மூடிய இடத்தில் அடித்தவரையும் விடாது. 2014 பிப்ரவரி 13 அன்று, தெலங்கானா மசோதா வந்தபோது, மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் ஸ்ப்ரே அடித்தார். அவ்வளவு பெரிய மண்டபத்திலேயே பலர் இருமித் திணறி, சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியதாயிற்று. பத்துக்குப் பத்து அறையில் என்ன ஆகும் என்று பாருங்கள். அதனால் வீட்டுக்கு ஜெல் வகை. பசைபோல முகத்தில் ஒட்டும், காற்றில் அதிகம் பரவாது. ஆனால் கண்ணில் பட்டால்தான் வேலை செய்யும், குறி தப்பக் கூடாது. வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் ஜெல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

காருக்கும் ஜெல், அல்லது நேர்கோட்டில் பீய்ச்சும் வகை. கார் ஓடும் நிலையில் இருந்தால் கதவைப் பூட்டி, ஹாரனை அழுத்தியபடி வண்டியை எடுத்துவிடுவதே நல்லது. கண்ணாடி ஏற்றியிருக்கும்போது உள்ளே அடிக்கவே கூடாது. உங்களுக்கே கண் திறக்காது. இன்னொன்று, வெயில். பெரும்பாலான டப்பாக்களில் 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சுலபமாகத் தாண்டும். வால்வு கசியும், டப்பா வெடிக்கவும் கூடும். எனவே காரிலேயே விட்டுவைக்காமல், சாவியோடு கையில் எடுத்துப் போய்க் கையிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள்.

வாங்கியதும் மொட்டைமாடியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்போது, அரை விநாடி அடித்துப் பாருங்கள். நான்கு விரல்களால் டப்பாவைச் சுற்றிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஆள்காட்டி விரலால் அழுத்தினால் பிடி தளர்ந்து டப்பாவைப் பிடுங்கிவிடுவார்கள். நிஜத்தில் கண்மட்டத்தில் இடவலமாக ஒரு விநாடி அடித்துவிட்டு, உடனே பக்கவாட்டில் விலகி ஓடி 112க்கு அழையுங்கள். கண் மூடிய பிறகும் அவன் நேராகப் பாய்ந்து வரலாம். அவன் ஓயும்வரை அடிக்க நினைக்காதீர்கள்: குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்ய அனுமதிக்கவில்லை.

காலாவதித் தேதியைக் கவனியுங்கள். சாறு கெடுவதற்கு முன்பே அழுத்தவாயு கசிந்து குறையும். அப்போது மூன்று மீட்டர் போக வேண்டியது காலடியிலேயே சொட்டும். வீட்டிலேயே மிளகாய்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் அடைப்பதும் வீண். காரப்பொருள் தண்ணீரில் சரியாகக் கரையாது, பொடி நாசிலை அடைத்துக்கொள்ளும்.

உங்கள் மேலேயே பட்டுவிட்டால் தேய்க்காதீர்கள். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டு, ஓடும் குளிர்ந்த நீரில் 15 நிமிடம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிக் கழுவுங்கள். தோலுக்குக் குழந்தை ஷாம்பு போடலாம். தேங்காய் எண்ணெய் தடவினால் சாறு இன்னும் பரவும். எரிச்சல் முக்கால் மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கும். மூச்சுத் திணறல் இருந்தாலோ, பார்வை மங்கலாகவே இருந்தாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.