ஸ்டர்ம் செத்தே ஆகவேண்டுமா?
பகடை மேசை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஆளைப் பற்றியவை: டிராகன்லான்ஸ் உலகின் ஸ்டர்ம் பிரைட்பிளேட். புதியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை போட்டு ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்காக 1984-இல் வரத் தொடங்கிய டிராகன்லான்ஸில், மாட்யூல்களும் (அச்சிட்ட சாகசப் புத்தகங்கள்) நாவல்களும் ஒரே போரின் கதையைச் சொல்லின. மானமே உயிர் என்று சபதம் செய்த சாலம்னிய வீரர்களின் வழியில் வந்தவன் ஸ்டர்ம். 1985-இல் வந்த இரண்டாவது நாவலில், ஹை கிளெரிஸ்ட் கோபுரத்தின் மதிலில் தனியாக நின்று, நீல டிராகன்மேல் வந்த பழைய தோழி கிட்டியாராவின் கையால் சாகிறான். அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

செந்தூல் வாசகர்: எங்கள் கேம்பெயின் (பல செஷன்களாகத் தொடரும் ஆட்டக் கதை) கோபுரத்தை நெருங்கிவிட்டது. ஸ்டர்மை ஆடும் நண்பர், "நாவலில் செத்தால் எனக்கென்ன?" என்கிறார். இன்னொருவர், "அவன் சாகாவிட்டால் அது டிராகன்லான்ஸே இல்லை" என்கிறார். யார் பக்கம் நியாயம்?

ஆடுபவர் பக்கம். ஆனால் மற்றவர் சொல்வதையும் ஒதுக்கிவிடாதீர்கள். அந்தச் சாவு ஏன் நெஞ்சை உலுக்குகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கோபுரத்தில் நடப்பது இதுதான். சாலம்னிய வீரர்களின் தளபதி டெரெக் கிரவுன்கார்ட் யார் பேச்சையும் கேளாமல் வீரர்களை வெளியே கொண்டுபோய் எதிரியிடம் பலிகொடுக்கிறான். ஸ்டர்மும் ஸ்டர்மின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்களும்தான் உள்ளே மிஞ்சுகிறார்கள். கோபுரம் கட்டப்பட்டதே டிராகன்களைச் சிக்கவைக்கத்தான் என்ற உண்மை அப்போதுதான் தெரியவருகிறது. உள்ளே இருக்கும் டிராகன் ஆர்பை (டிராகன்களை இழுக்கும் மந்திர உருண்டை) ஸ்டர்மின் தோழியான எல்ஃப் இளவரசி லாரானா இயக்கவேண்டும், டிராகன்லான்ஸ் ஈட்டிகளோடு ஆட்கள் ஒளிந்து நிற்கவேண்டும். அதற்கு அவகாசம் வேண்டும். அந்த அவகாசத்துக்காகத்தான் ஸ்டர்ம் மதிலேறுகிறான். "வீண் பிடிவாதம், உள்ளே போயிருக்கலாம்" என்று எழுதியிருக்கும் வாசகர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள். அவன் உள்ளே போயிருந்தால் பொறி தயாராகும் முன்பே டிராகன்கள் வந்திருக்கும்.

கூத்தில் கர்ணன் சாவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கிறோம், ஏனென்றால் கவசத்தை அவனே அறுத்துக் கொடுக்கிறான். ஸ்டர்மிடமும் மனதைத் தொடுவது அவன் தானாக எடுத்த முடிவுதான். ஆகவே உங்கள் மேசையில் காப்பாற்றவேண்டியது அந்த முடிவை, சாவை அல்ல. மதிலுக்குப் போகாமல் இருக்க ஸ்டர்முக்கு உண்மையான வழி ஒன்று இருக்கவேண்டும். போனால் யார் பிழைப்பார்கள், போகாவிட்டால் யார் சாவார்கள் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். இவை இரண்டும் இருந்தால் அவன் செத்தாலும் பிழைத்தாலும் அது டிராகன்லான்ஸ்தான். இவை இல்லாமல், நாவலில் இருக்கிறது என்பதற்காக ஆட்டத்தை நடத்தும் டிஎம் அவனைக் கொன்றால், அந்த நண்பர் அடுத்த செஷனுக்கு வரமாட்டார்.

பேச்சைக் கோபுரத்துக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வாரமே ஸ்டர்மை ஆடுபவரிடம் தனியாகக் கேளுங்கள்: சாவு நடக்கலாமா, நடந்தால் திரும்பி வர விருப்பமா, அடுத்து எந்த கேரக்டரை எடுப்பார்? மூன்றாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. கையில் அடுத்த கேரக்டர் இல்லாதவர் சாவுக்குச் சம்மதிக்கவே மாட்டார்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: அந்த நேரம் தெய்வங்கள் திரும்பி வந்துவிட்டன, ஸ்டர்மின் தோழி கோல்ட்மூன் கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடுபவர்) ஆகிவிட்டாள். பிறகு ஏன் ஸ்டர்மை ரெய்ஸ் டெட் மந்திரத்தால் எழுப்பவில்லை? கதையில் ஓட்டை இல்லையா?

ஓட்டை இல்லை. டார்சிஸ் நகரில் தோழர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். கோல்ட்மூன், டானிஸ், ரெய்ஸ்ட்லின், கேரமன் எல்லாரும் வேறு திசையில். கோபுரத்தில் ஸ்டர்மோடு இருப்பவர்கள் லாரானா, ஃபிளின்ட், டாசில்ஹாஃப். இவர்களில் கிளெரிக் யாருமில்லை.

அன்றைய முதல் பதிப்பு விதியும் கடுமையானது. ஒன்பதாம் லெவல் கிளெரிக் ஒன்பது நாள்வரை செத்தவரைத்தான் எழுப்பமுடியும், பத்தாம் லெவல் என்றால் பத்து நாள். அதற்குப் பிறகும் செத்தவரின் உடல்வலுவைப் பொறுத்து ஒரு சதவீதப் பகடை உண்டு. அதில் தோற்றால் கதை முடிந்தது.

2014-இன் ஐந்தாம் பதிப்பில் நிலைமை வேறு. ரிவிவிஃபை: செத்து 1 நிமிடத்துக்குள், 300 பொன் மதிப்புள்ள வைரம். ரெய்ஸ் டெட்: 10 நாளுக்குள், 500 பொன் வைரம். ரிசரக்‌ஷன்: 100 ஆண்டுவரை, 1,000 பொன். ட்ரூ ரிசரக்‌ஷன்: 200 ஆண்டுவரை, 25,000 பொன், உடல்கூட வேண்டாம். ரிவிவிஃபை ஐந்தாம் லெவல் கிளெரிக்குக்கே கிடைத்துவிடுகிறது. அதாவது உங்கள் குழுவில் ஒரு கிளெரிக்கும் அவர் பையில் ஒரு வைரமும் இருந்தால், ஸ்டர்ம் விழுந்த பத்துச் சுற்றுக்குள் எழுந்துவிடுவான். கோபுரக் காட்சி சப்பென்று போவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம்.

இதற்காக மந்திரத்தைத் தடைசெய்யவேண்டாம். வைரத்தைக் கட்டுப்படுத்துங்கள். போரில் முற்றுகையிடப்பட்ட நாட்டில் 300 பொன் வைரம் சந்தையில் கிடைக்காது. கேம்பெயின் முழுவதற்கும் ஒன்றோ இரண்டோ போதும், அவை எங்கே இருக்கின்றன என்பதும் ஆடுபவர்களுக்குத் தெரியட்டும். கடைசி வைரத்தை ஃபிளின்டுக்குச் செலவழித்துவிட்டு ஸ்டர்ம் மதிலேறினால், அந்தக் காட்சிக்கு நீங்கள் வேறெதுவும் சேர்க்கவேண்டியதில்லை. இன்னொன்று: இந்த மந்திரங்கள் எதுவானாலும், திரும்பிவர விருப்பமில்லாத ஆன்மாவை எழுப்பமுடியாது. ஸ்டர்மை ஆடுபவர் "வேண்டாம்" என்றால் வைர மலையே இருந்தாலும் பயனில்லை.

பட்டர்வொர்த் வாசகர்: மதில் சண்டையை ஐந்தாம் பதிப்பில் நடத்தினோம். இரண்டே சுற்றில் ஸ்டர்ம் விழுந்தான், பிறகு 20 விழுந்து எழுந்துகொண்டான். யாருக்கும் திருப்தி இல்லை. எங்கே பிசகு?

கணக்கில்தான். முதிர்ந்த நீல டிராகனுக்கு ஹெச்பி (உயிர்ப்புள்ளி) 225, ஏசி (அதை அடிக்க எட்டவேண்டிய எண்) 19. அதன் மின்னல் மூச்சு 90 அடி நீளக் கோடு, 12 பத்துப்பக்கப் பகடை, சராசரி 66. உடல்வலு 16 உள்ள எட்டாம் லெவல் ஃபைட்டருக்குச் சராசரிக் கணக்கில் 76 ஹெச்பி. மூச்சிலிருந்து தப்ப 19 வேண்டும். சுறுசுறுப்புக்கு +1 மட்டும் உள்ள வீரன் பகடையில் 18 போட்டால்தான் தப்புவான், அதாவது 15 சதவீத வாய்ப்பு. தப்பினாலும் பாதி அடி உண்டு. ஆக, முதல் சுற்றில் மூச்சு விட்டால் 10 ஹெச்பிதான் மிச்சம். இரண்டாம் சுற்றில் விழுந்தது வியப்பே இல்லை.

எழுந்ததும் வியப்பில்லை. விழுந்தவன் ஒவ்வொரு சுற்றும் போடும் சாவுப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் மூன்று முறை வந்தால் உயிர் நிற்கும், மூன்று தோல்வி என்றால் சாவு, 20 வந்தால் 1 ஹெச்பியோடு எழுவான். யாரும் தொடாமல் விட்டுவிட்டால், விழுந்தவன் பிழைக்க ஏறக்குறைய 60 சதவீதம் வாய்ப்பு. சாவைப் பகடையிடம் ஒப்படைத்துவிட்டு அது தீர்ப்பளிக்கும் என்று காத்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

அடுத்த முறை இப்படிச் செய்துபாருங்கள். ஆர்ப் தயாராக 5 சுற்று என்று எல்லார் முன்னாலும் ஒரு காகிதத்தில் ஐந்து கட்டம் போடுங்கள். ஸ்டர்ம் நிற்கும் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு கட்டத்தை அடித்துவிட்டு, உள்ளே என்ன முடிந்தது என்று சொல்லுங்கள்: ஈட்டிக்காரர்கள் இடம் பிடித்தார்கள், லாரானா ஆர்பின்மேல் கை வைத்தாள். ஸ்டர்ம் என்ன சாதிக்கிறான் என்பது அப்போதுதான் மேசையில் எல்லாருக்கும் தெரியும். முதல் சுற்றில் டிராகன் மூச்சு விடவேண்டாம், வட்டமிட்டு அச்சுறுத்தட்டும். அந்த அச்சம் 17-க்கு எதிரான மனவுறுதிப் பகடை. தோற்றவன் முன்னேறவும் முடியாது, அடிக்கும் பகடையும் பாதகம் (இரண்டு போட்டுக் குறைந்ததை எடுக்கவேண்டும்). வீரத்தின் உச்சத்தில் நிற்கவேண்டியவன் மூன்று சுற்று நடுங்கிக்கொண்டு நின்றால் காட்சி கெட்டுவிடும். மதிலேறுமுன் குழுவில் யாராவது அவன்மேல் ஹீரோயிசம் மந்திரம் போடட்டும். ஒரு நிமிடம், அதாவது பத்துச் சுற்று, அச்சமே அண்டாது.

மதிலின் கல் பற்களை மறந்துவிடாதீர்கள். முக்கால் மறைவு என்றால் ஏசிக்கும் மூச்சிலிருந்து தப்பும் பகடைக்கும் +5. 15 சதவீதம் 40 ஆகிவிடும். மறைவைவிட்டு வெளியே வந்து அடிக்கவேண்டுமா என்று ஒவ்வொரு சுற்றும் அவன் யோசிக்கவேண்டி வரும், அதுதான் சண்டைக்கு உயிர்.

விழுந்தபின் சாவா பிழைப்பா என்று இழுக்கவேண்டாம். மயங்கிக் கிடப்பவனை 5 அடிக்குள்ளிருந்து தாக்கி அடி பட்டால் அது கிரிட்டிக்கல் (பகடை இரட்டிப்பாகும் அடி), சாவுப் பகடையில் இரண்டு தோல்வியாகக் கணக்கு. இரண்டு அடி பட்டால் முடிவு. கிட்டியாரா அதைச் செய்வாளா மாட்டாளா என்பதை டிஎம் முன்பே தீர்மானித்து, ஆடுபவரிடமும் சொல்லியிருக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தில் செஷன் இரவு முடியும் தறுவாயில் நடந்தது என்றும், தீவிலிருந்து வந்தவர்கள் ஃபெரிக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கோபுரத்தைச் செஷனின் தொடக்கத்தில் வையுங்கள். ஸ்டர்ம் விழுந்த பிறகு அரைமணி நேரமாவது மற்றவர்கள் தத்தம் கேரக்டராகப் பேச இடம் வேண்டும்.

ஆயர் ஈத்தாம் வாசகி: டாசில்ஹாஃப் 1995 நாவலில் செத்துவிட்டான், 2000-இல் வந்ததில் உயிரோடு திரிகிறான். அவன் செத்தானா, தப்பினானா?

செத்தான், ஒரே ஒருமுறை. கேயாஸ் என்ற தெய்வத்தின் பாதத்தடியில் நசுங்கும் அந்தக் கணத்துக்கு முன்பே, காலப்பயணக் கருவியைக் கொண்டு கேரமனின் இறுதிச்சடங்குக்கு அவன் வந்துவிடுகிறான். 2000-இல் தொடங்கிய முத்தொகுதி, அவன் அங்கேயே தங்கிவிட்டதால் வரும் சிக்கலையும் சொல்கிறது. முடிவில் தானே திரும்பிப் போய் அந்தப் பாதத்தடியில் நிற்கிறான். அவ்வளவு விளையாட்டுப் பிள்ளை அதைச் செய்வதால்தான் ஸ்டர்மின் சாவைவிட இது கொடுமையாக இருக்கிறது என்பது எங்கள் கருத்து.

உங்கள் மேசைக்கு அந்தக் கருவியைக் கொடுத்தால் ஒரு விதியை விடாதீர்கள். கிரின் உலகில் மனிதரும் எல்ஃபும் கடந்த காலத்துக்குப் போனால் நடந்ததை மாற்ற முடியாது. டாசில்ஹாஃபின் இனமான கெண்டர், குள்ளர், நோம் இவர்களில் யாராவது உடன் வந்தால்தான் மாறும். இதைச் சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு சாவுக்கும் குழு கருவியைத் தேடி ஓடும்.

கெப்போங் வாசகர்: எங்கள் ஸ்டர்ம் பிழைத்துவிட்டான். இனி கதையை எப்படிக் கொண்டுபோவது?

மகிழ்ச்சி. முதலில் தலைமைப் பொறுப்பைத் தீர்த்துவிடுங்கள். நாவலில் ஸ்டர்ம் இல்லாத இடத்தில்தான் லாரானா எழுந்து பொன் தளபதி ஆகிறாள். ஸ்டர்ம் முழு பலத்தோடு நின்றால் அவள் நிழலில் போய்விடுவாள், அது பெரிய நட்டம். அவனுக்கு ஆறாத காயம் ஒன்று கொடுங்கள், அல்லது கோபுரக் காவல் அவன் பொறுப்பாகட்டும். படையை அவள் நடத்தட்டும்.

இரண்டாவது, கிட்டியாரா. பழைய தோழனைக் கொன்றவள் என்பதற்குப் பதில், கொல்லமுடியாமல் போனவள் ஆகிவிட்டாள். அவளுக்கும் ஸ்டர்முக்கும் பிறந்த ஸ்டீல் என்ற மகன் போருக்கு முன்பே இருக்கிறான் என்பது ஸ்டர்முக்குத் தெரியாது. நாவல்களால் தொடமுடியாத காட்சி ஒன்று இதில் உங்களுக்குக் கிடைக்கிறது: தகப்பன் உயிரோடிருக்கும்போதே அந்த உண்மை வெளிவருவது.

பிழைத்ததை எப்படி நியாயப்படுத்துவது என்று கவலைப்படவேண்டாம். முதல் மாட்யூலிலேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார்கள். முக்கிய கதைமாந்தர் செத்தால், கூடுமானவரை உடல் கிடைக்காதபடி சாகட்டும், பின்னால் தப்பிவந்ததாகக் காட்டலாம் என்பது அந்த விதி. ஒரு கேம்பெயினில் ஒருவருக்குமேல் இதைப் பயன்படுத்தாதீர்கள். இரண்டாமவர் திரும்பி வரும்போது ஆடுபவர்கள் சாவையே நம்பமாட்டார்கள்.

ஜார்ஜ்டவுன் வாசகர்: கோபுரச் சண்டை எந்தப் பழைய மாட்யூலில் இருக்கிறது? இன்றைய விதிக்கு மாற்றமுடியுமா?

டிஎல்8, 1985. முடியும். பழைய ஏசி இறங்குவரிசையில் இருக்கும், அதை 20-இலிருந்து கழித்தால் இன்றைய ஏசி ஏறக்குறைய வந்துவிடும்: பழைய ஏசி 2 என்றால் 18. டிராகன்களின் ஹெச்பியை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள், இன்றைய குழுவுக்கு முன்னால் அது நெடுநேரம் தாங்காது. புதிய புத்தகத்திலிருந்தே எடுங்கள். 2022-இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்த டிராகன்லான்ஸ் சாகசத்தை வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அது லெவல் 1 முதல் 11 வரை, கலமான் நகரைச் சுற்றி நடக்கும் புதிய கதை. ஸ்டர்முக்காக வாங்கவேண்டாம், போரின் தொடக்கத்தை உங்கள் சொந்த கேரக்டர்களோடு ஆட வாங்குங்கள்.