இரண்டாவது முறம்

வாசகியர் கேள்விகளும் பதில்களும்

ஆனி மாதம் பிறந்தாலே, இறுதித் தேர்வு எழுதி முடித்து, விடுதியைக் காலி செய்துவிட்டு ஊர் திரும்பிய பெண்களின் கடிதங்கள் எனக்கு வரத் தொடங்கிவிடும். இந்த ஆண்டு வந்தவற்றுள் மூன்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது கடிதத்தை எழுதியவர் ஒரு தாய்.

கேள்வி: குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். வேலூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் படித்து முடித்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்பு வரை வந்த முதல் ஆள் நான்தான். ஊருக்கு வந்த முதல் இரண்டு நாட்கள் என்னை விருந்தாளியைப் போலக் கவனித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் அம்மா தான் பீடி சுற்றும் முறத்துக்குப் பக்கத்தில் இன்னொரு முறத்தை வைத்து, நனைத்த பீடி இலையையும் கத்தரியையும் என் பக்கம் நகர்த்தினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு மாதம் ஆகிறது. தண்ணீர் பிடிப்பது, சமையல், பாத்திரம், பிறகு பீடி, மறுபடியும் சமையல் என்று பொழுது போய்விடுகிறது. பிளஸ் டூ படிக்கும் தம்பிக்கு மேசை இருக்கிறது. எனக்குப் புத்தகத்தைப் பிரித்து வைக்கவே இடமில்லை. அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதவும், முடிந்தால் பி.எட். சேரவும் ஆசை. அப்பாவோ, ஆடி கழியட்டும், ஆவணியில் வரன் பார்த்துவிடலாம் என்கிறார். கூடப் படித்தவர்கள் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். அவர்களுடைய படங்களைக் கைப்பேசியில் பார்க்கும்போது அழுகை வருகிறது. மூன்று ஆண்டுகள் படித்தது எதற்கு என்று தெரியவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தபோது என் கண் நின்ற இடம் அந்த இரண்டாவது முறம். அதை அம்மா புதிதாக வாங்கினாரா, பரண்மேலிருந்து எடுத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கென்னவோ, நீங்கள் விடுதிக்குப் புறப்பட்ட நாளில் தூசி தட்டி எடுத்து வைத்த உங்கள் பழைய முறமாகத்தான் அது இருக்கும் என்று தோன்றுகிறது. உங்களைப் படிக்க அனுப்பிய மூன்று ஆண்டுகளும் அந்த வீட்டில் இரண்டு கைகள் குறைந்திருக்கின்றன. அந்தக் கைகளின் வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறார். உங்கள் மேல் குற்றம் சுமத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நீங்கள் கேட்கப்போவதை யாரிடம் எப்படிக் கேட்பது என்பதற்கு இந்தக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் 1983ஆம் ஆண்டில் படிப்பை முடித்துக்கொண்டு வாலாஜாபேட்டைக்குத் திரும்பினேன். அன்றைக்கு எங்கள் ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. எங்களுடையது நெசவுக் குடும்பம். விடுதியிலிருந்து கொண்டுவந்த டிரங்குப் பெட்டியைத் திறந்து, புத்தகங்களை எடுத்து ஜன்னல் திட்டில் அடுக்கி வைத்தேன். ஒரு வாரத்துக்குள் அந்தப் பெட்டியில் கேழ்வரகு கொட்டப்பட்டுவிட்டது. புத்தகங்களின் மேல் நூல் கூடை வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. இடம் போதாத வீட்டில் காலியாக இருக்கும் பெட்டியையும் விட்டுவைக்க மாட்டார்கள், கை காலியாக இருக்கும் பெண்ணையும் விட்டுவைக்க மாட்டார்கள். இராட்டையின் முன்னால் உட்கார்ந்து, தறிக்கான நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே நான் அழுத நாட்கள் உண்டு. எதற்காக அழுகிறேன் என்பது விளங்கவே எனக்கு வெகுநாள் ஆயிற்று. விடுதியில் காலை ஐந்தரைக்கு ஒரு மணி அடிக்கும்; மாலைப் படிப்புக்கு ஒன்று, விளக்கணைக்க ஒன்று. அந்த மணியைத் திட்டாத நாளே இல்லை. ஆனால் மாலை ஏழு முதல் ஒன்பது வரை இவள் படிக்க வேண்டும், இவளை வேறு எதற்கும் கூப்பிடக் கூடாது என்று எனக்காகப் பேசிக்கொண்டிருந்தது அந்த மணிதான். வீட்டில் அப்பாவின் தறிக்கு நேரம் இருந்தது, அம்மாவின் அடுப்புக்கு நேரம் இருந்தது, இராணிப்பேட்டைக்கு வேலைக்குப் போன அண்ணனுக்கு ஆலைச் சங்கு இருந்தது. எனக்கென்று மணி அடிக்க ஆளில்லை.

ஆகவே வேலை, திருமணம், பி.எட். எல்லாவற்றுக்கும் முன்னால், நாளில் நான்கு மணி நேரத்தை வாய்விட்டுக் கேட்டு வாங்குங்கள். "எனக்குப் படிக்க வேண்டும்" என்று பொதுவாகச் சொன்னால், "படியேன், யார் வேண்டாம் என்றது?" என்பார்கள், ஐந்து நிமிடம் கழித்து, "அந்த அடுப்பைக் கொஞ்சம் பார்" என்றும் குரல் வரும். காலை நாலரை முதல் ஆறரை வரை, பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை என்று நேரத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். தம்பி பள்ளியில் இருக்கும் நேரமெல்லாம் அவனுடைய மேசை சும்மாதானே கிடக்கிறது? அவன் கணிதம் படிக்கிறவன் என்றால், இரவில் ஒரு மணி நேரம் நீங்கள் சொல்லிக்கொடுங்கள். டியூஷன் செலவு மிச்சமாவதை அப்பா கவனிக்காமல் இருக்க மாட்டார். எழுதிய நேரத்தை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துக் கேட்கட்டும். கேட்பவர்களுக்கு அம்மாவே பதில் சொல்லத் தொடங்கும்போது அந்த நேரம் உங்களுடையதாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முறத்தைத் தள்ளிவிடாதீர்கள். அதற்கும் ஓர் அளவு வையுங்கள். காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை உட்காருகிறேன், இத்தனை கட்டு முடித்துத் தருகிறேன் என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். 25 பீடி ஒரு கட்டு, 1000 பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணி எண்ணியே வீட்டை நடத்தியவர் உங்கள் அம்மா. எண்ணிச் சொன்ன பேச்சுக்கு அவரிடம் மதிப்பு இருக்கும். ஒரு வாரம் சொன்ன அளவைத் தவறாமல் முடித்துக் கொடுத்த பிறகு, பகல் இரண்டு மணிக்கு நீங்கள் எழுந்தால் அவர் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

அப்பாவிடம் பேசும்போதும் இதே வழிதான். தேர்வு எழுதப் போகிறேன் என்பதோடு நிறுத்தாமல், அது என்ன தேர்வு என்று விளக்கிச் சொல்லுங்கள். குரூப் 4 ஒரே எழுத்துத் தேர்வு. நேர்முகத் தேர்வு கிடையாது. மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண். அவற்றில் 100 வினாக்கள் தமிழிலிருந்து வருகின்றன. அந்தப் பகுதியில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். கணிதம் படித்தவர்கள் தமிழைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுத் தோற்பதைப் பார்த்திருக்கிறேன். தம்பி படித்து முடித்த ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடநூல்கள் வீட்டில் எங்காவது கட்டி வைக்கப்பட்டிருக்கும். முதலில் அவற்றைப் பிரியுங்கள். 25 வினாக்கள் கணக்கும் அறிவுக்கூர்மையும் சார்ந்தவை. அங்கே உங்களுக்குக் கவலையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்புகள் நடத்துகிறார்கள். தினமும் வேலூர் வந்து போகப் பேருந்துச் செலவுக்கு வழியில்லையென்றால், வகுப்பு நாட்களை விசாரித்து வாரம் ஒருமுறையாவது வாருங்கள். கூடப் படிக்கும் நான்கு முகங்களைப் பார்ப்பதே உங்களுக்குத் தெம்பாக இருக்கும்.

இன்னொன்றும் செய்யுங்கள். குடியாத்தத்தில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேருங்கள். குரூப் 4 வழியாகத் தட்டச்சர் பணிக்கும் ஆள் எடுக்கிறார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியிருப்பவர்களுக்கு அந்தக் கதவும் திறந்திருக்கும். அதைவிட முக்கியமாக, நாள்தோறும் ஒரு மணி நேரம் நீங்கள் வீட்டைவிட்டு வெளியே போய் வருவதற்கு ஒருவரும் கேள்வி கேட்காத காரணம் அது. ஊரிலிருந்து குடியாத்தம் வரை சாதாரணக் கட்டண நகரப் பேருந்து ஓடுகிறதென்றால், 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு அதில் பயணக் கட்டணம் இல்லை.

பி.எட். பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். அது இப்போது இரண்டு ஆண்டுப் படிப்பு. முடித்த பிறகும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதற்குப் பிறகு போட்டித் தேர்வு என்று படிகள் இருக்கின்றன. அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ கலந்தாய்வு வழியாக இடம் கிடைத்தால் தாராளமாகச் சேருங்கள். கடன் வாங்கிச் சேர வேண்டிய நிலை என்றால், அம்மாவின் கைக்கு இன்னும் இரண்டு ஆண்டுச் சுமையை ஏற்றாதீர்கள் என்பது என் கருத்து.

திருமணப் பேச்சுக்கு வருகிறேன். ஒருபோதும் வேண்டாம் என்று நீங்கள் சொல்லவில்லை. அப்பாவும் நாளைக்கே என்று சொல்லவில்லை. எனவே ஒரு தவணை கேளுங்கள். இந்தத் தேர்வை நடத்தும் அரசுப் பணியாளர் தேர்வாணையம் வெளியிடும் ஆண்டுக் கால அட்டவணையை எடுத்துக்கொண்டு போய், அடுத்து வரும் குரூப் 4 தேர்வை எழுதி அதன் முடிவு வரும்வரை ஜாதகத்தை வெளியே எடுக்க வேண்டாம் என்று தேதியோடு சொல்லுங்கள். தனியாகச் சொல்லத் தயக்கமாக இருந்தால், அப்பா யார் சொன்னால் கேட்பாரோ அந்த அத்தையையோ சித்தப்பாவையோ பள்ளி ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதையும் மீறி உங்கள் சம்மதம் இல்லாமல் ஏற்பாடு நடக்கிறதென்றால், பெண்களுக்கான 181 என்ற உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள். உங்கள் வீட்டில் அந்த நிலை வராது என்றுதான் நம்புகிறேன்.

ஓசூர்த் தோழிகளின் படங்களைப் பார்த்து அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருத்தியிடம் ஞாயிற்றுக்கிழமை பேசிப் பாருங்கள். படம் எடுக்காத நேரத்தைப் பற்றியும், ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்து படுக்கும் நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். அவளுக்கும் உங்களிடம் சொல்ல நிறைய இருக்கும்.

கேள்வி: ஆம்பூரில் இருக்கிறேன். பள்ளி, கல்லூரி இரண்டிலும் தமிழ் வழியில் படித்து பி.ஏ. வரலாறு முடித்தேன். தற்காலிகச் சான்றிதழ் வாங்கியாயிற்று. வேறு என்ன வாங்கி வைக்க வேண்டும்? பழைய சான்றிதழ்களில் வேலூர் மாவட்டம் என்றும், ஆதாரில் திருப்பத்தூர் மாவட்டம் என்றும் இருக்கிறது. இது சிக்கலாகுமா?

பதில்: மாவட்டப் பெயருக்காகக் கவலைப்பட வேண்டாம். 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூர் திருப்பத்தூருடன் சேர்ந்தது. இது அரசே செய்த மாற்றம். விண்ணப்பத்தில் இன்றைய முகவரிக்கு இன்றைய மாவட்டத்தை எழுதுங்கள். உங்கள் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த தேதியும் எல்லாச் சான்றிதழ்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதைத்தான் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

நீங்கள் உடனே செய்ய வேண்டியது, தமிழ் வழியில் படித்ததற்கான சான்றுகளை வாங்குவது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010ஆம் ஆண்டில் வந்தது. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பட்டப்படிப்பு மட்டும் தமிழ் வழியில் இருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அதனால் தொடக்கப்பள்ளி, மேல்நிலைப்பள்ளி, கல்லூரி என்று படித்த ஒவ்வோர் இடத்திலும் தனித்தனியாகச் சான்று வேண்டும். தேர்வில் தேறிய பிறகு, சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது தலைமையாசிரியரைத் தேடி ஓடுவது பெரும் அவதி. இப்போது பள்ளிகள் திறந்திருக்கின்றன. ஒரு நாள் காலையில் போய் விண்ணப்பம் கொடுங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் உங்கள் பதிவோடு பட்டத்தையும் சேர்த்துவிடுங்கள். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள். எல்லாவற்றையும் இரண்டு நகல் எடுத்து, மூலச் சான்றிதழ்களை அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் வைக்காமல் வேறு நல்ல இடத்தில் வையுங்கள். பூச்சி அரித்த மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

கேள்வி: அணைக்கட்டுப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கத்திரிக்காய்த் தோட்டம் இருக்கிறது. என் மகள் கல்லூரி முடித்து வந்ததிலிருந்து கைப்பேசியும் கையுமாக இருக்கிறாள். ஏதாவது கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிறாள். படித்த பெண் என்று எங்களை மதிக்கவில்லையோ என்று மனம் வலிக்கிறது. அவளை எப்படித் திருத்துவது?

பதில்: முதல் கடிதத்தைப் படித்துப் பார்த்திருப்பீர்கள், அம்மா. அந்தப் பெண்ணும் தன் வீட்டில் இப்படித்தான் பேசாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைக்கிறேன். மூன்று ஆண்டுகளாக ஒரே அறையில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்டு, தலை வாரிவிட்டுக்கொண்டிருந்த தோழிகள் ஒரே நாளில் நான்கு திசைக்கும் போய்விட்டார்கள். அவர்கள் இப்போது அந்தக் கைப்பேசிக்குள்தான் இருக்கிறார்கள். அதைப் பிடுங்கினால் உங்கள் மகள் உங்களிடம் பேசிவிட மாட்டாள். "படித்த திமிர்" என்ற சொல்லை அவள் காதில் விழும்படி வீட்டில் யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் திரும்ப எடுக்க முடியாத சொல் அது.

உங்கள் பக்கத்து முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு, அதாவது இந்த மண்ணுக்கே உரிய பொருள் என்று அரசு தரும் அடையாளம், கிடைத்திருக்கிறது. அதனால் விற்பவருக்கு என்ன பயன், அதற்கு எங்கே பதிவு செய்ய வேண்டும் என்று உங்களுக்கு ஐயம் இருக்கக் கூடும். அதை மகளிடம் கேளுங்கள். படித்துப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவளைச் சோதிப்பதற்காகக் கேட்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே கேளுங்கள். சொல்லும்போது கையில் இருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைப் பாருங்கள்.

அவளுக்கு நாளில் எந்த நேரம் வேண்டும் என்றும் ஒருநாள் கேளுங்கள். சொன்ன நேரத்தில் அடுப்பில் பால் பொங்கினாலும் நீங்களே எழுந்து போய் இறக்குங்கள். ஒரு மாதம் கழித்து, என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அவளும் எழுத விரும்பினால் அதே உறையில் வைத்து அனுப்புங்கள்.