தொழிற்புரட்சி வந்தபோது உழைக்கும் மக்களின் விளையாட்டுக்கு என்ன ஆனது?

இங்கிலாந்து கால்பந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், குளிர்காலத்தில் நமக்குச் சனிக்கிழமை இரவு எட்டரைக்கு ஆட்டம் தொடங்கும். அங்கே அப்போது பிற்பகல் 3 மணி. ஏன் சனி, ஏன் 3 மணி என்று தேடிப்போனதில்தான் எனக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

மில்கள் வருவதற்கு முன் அங்கே ஆட்டத்துக்கு நேரக் கணக்கே இல்லை. தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று ஊரே இரண்டு கட்சியாகப் பிரிந்து தெருவிலும் வயலிலும் ஆற்றிலும் பந்தைத் துரத்தும். கைத்தொழில் செய்தவர்கள் பலர் திங்கட்கிழமையும் வேலைக்குப் போகமாட்டார்கள், 'புனிதத் திங்கள்' என்றே அதற்குப் பெயர். நீராவி இயந்திரத்துக்கு இதெல்லாம் ஒத்துவராது, மணியடித்தால் எல்லோரும் உள்ளே இருக்க வேண்டும். பொதுநிலங்களுக்கு வேலி போட்டார்கள், 1835 நெடுஞ்சாலைச் சட்டம் சாலையில் பந்து விளையாடினால் அபராதம் என்றது, டெர்பி நகரத்தில் 1840களில் பட்டாளத்தையே கூப்பிட்டுத் தெருக் கால்பந்தை அடக்கினார்கள்.

அப்புறம் போராடி வாங்கியதுதான் சனிக்கிழமை அரைநாள். 1850 சட்டப்படி துணி மில்களில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் சனியன்று 2 மணியோடு வேலை முடிய வேண்டும். அவர்கள் இல்லாமல் மில் ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அதே நேரம் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு மைதானத்துக்கு வர 3 மணி, சரியாக இருக்கும். ஆனால் யாருக்காகச் சட்டம் வந்ததோ அந்தப் பெண்களுக்கு அந்த அரைநாளும் பெரும்பாலும் வீட்டு வேலையிலேயே போனது. 1888-இல் கால்பந்து லீக் தொடங்கியபோது இருந்த 12 அணிகளும் லங்காஷயர், மிட்லாண்ட்ஸ் என்ற தொழிற்சாலைப் பகுதிகளிலிருந்து வந்தவை, லண்டனிலிருந்து ஒன்றுகூட இல்லை. ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய அணிதான் பின்னால் மான்செஸ்டர் யுனைடெட் ஆனது.

எனக்கு மனதை உறுத்துவது, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடும் ரக்பி ஆட்டத்தின் கதை. வேலையை விட்டுவிட்டு ஆட வந்தால் அந்த நேரத்துக் கூலி போய்விடும், சுரங்கத் தொழிலாளிக்கு அது அடுப்பெரிய வேண்டிய காசு. அந்தக் கூலியையாவது கொடுக்க அனுமதியுங்கள் என்று இங்கிலாந்தின் வடக்கத்திக் கிளப்புகள் கேட்டன. காசு வாங்கிக்கொண்டு ஆடுவது விளையாட்டுக்கே இழுக்கு என்று ரக்பி சங்கத்தை நடத்திய வசதிக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். ஏழையை மைதானத்துக்கு வெளியே நிறுத்த அவர்களுக்குக் கிடைத்த சாக்கு அது என்றுதான் நான் நினைக்கிறேன். 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு ஹோட்டலில் கூடி அந்தக் கிளப்புகள் தனியே பிரிந்தன. வேலை இழந்த நாளுக்கு 6 ஷில்லிங் வரை கொடுக்கலாம் என்று தாங்களே விதி வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ரக்பி லீக் என்று ஆடப்படுவது அந்தக் கிளப்புகள் வளர்த்த ஆட்டம்.