காயம் ஆறியவருக்கா, களத்தில் நிற்பவருக்கா? - வாசகர் கேள்வி பதில்

கே: மகனோடு சேர்ந்து அமெரிக்கக் காற்பந்து பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். காயத்திலிருந்து தேறி வந்த மூத்த குவாட்டர்பேக்கை (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவரை) உட்கார வைத்துவிட்டு, புதுப் பையனையே ஆட விடுகிறார்களே, இது என்ன நியாயம்? (வாசகி, ஈசூன்)

ப: நியாயம் பார்த்தால் மனம் மூத்தவர் பக்கம்தான் சாயும். பயிற்றுவிப்பாளரின் கவலை வேறு. ஞாயிறு ஆட்டத்துக்குமுன் அவருக்குக் கிடைப்பது புதன், வியாழன், வெள்ளி மட்டுமே. பெரும்பாலான அணிகள் புதனன்று முதல், இரண்டாம் டவுனுக்கான (பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) ஆட்டமுறைகளையும் வியாழனன்று மூன்றாம் டவுனையும் வெள்ளியன்று எதிரணிக் கோட்டுக்கு முன்னுள்ள கடைசி 20 கஜத்தையும் பழகும். முதல்தர ஆட்டக்காரர்களோடு பழகும் வாய்ப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே குவாட்டர்பேக்குக்குப் போகும். ஆளுக்குப் பாதி என்று பிரித்தால், பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர் திரும்பும் கணமும் பந்து கையைவிட்டுக் கிளம்பும் கணமும் ஒத்துவராது. பந்து எதிரணியின் கையில் போய் விழும். ஆகவே, 'இருவருக்கும் வாய்ப்பு' என்ற சமரசம் பேச்சுக்குத்தான் அழகு.

2016இல் டாலஸ் கௌபாய்ஸ் அணியில் நடந்ததைப் பாருங்கள். ஆகஸ்ட் 25, சியாட்டலுக்கு எதிரான முன்பருவ ஆட்டத்தில் 36 வயது டோனி ரோமோவின் முள்ளெலும்பு ஒன்று நசுங்கி முறிந்தது. பொறுப்பேற்றவர் டாக் பிரெஸ்கட், புதியவர்களுக்கான தேர்வில் 135ஆவதாக எடுக்கப்பட்டவர். முதல் ஆட்டத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 19-20 என்று தோல்வி. அடுத்து வரிசையாக 11 வெற்றி. நவம்பர் நடுவில் ரோமோ தேறியபோது அணி எட்டில் வென்று ஒன்றில்தான் தோற்றிருந்தது. அதில் யார் கை வைப்பார்கள்? நவம்பர் 15 அன்று ரோமோவே செய்தியாளர்கள்முன் வந்து, அந்த இடம் பிரெஸ்கட் உழைத்துப் பெற்றது என்று சொல்லிவிட்டார். பருவ முடிவில் பிரெஸ்கட்டின் கணக்கு 23 டச்டவுன் வீச்சு (புள்ளி தந்தவை), 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்தவை). 23ஐவிட அந்த 4தான் புதுமுகத்தின் தரத்தைச் சொல்லும். பிளேஆஃப் எனும் வெளியேற்றுச் சுற்றில் கிரீன் பே அணியிடம் 31-34 என்று தோற்றாலும், அன்று எடுத்த முடிவு சரியே.

கே: காயத்தால் யாரும் இடம் இழக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாமே? (வாசகர், செங்காங்)

ப: விதி இல்லை, வழக்கமான பேச்சு. 2012இல் சான் பிரான்சிஸ்கோவின் அலெக்ஸ் ஸ்மித் ஓர் ஆட்டத்தில் 19 வீச்சில் 18ஐச் சேர்த்தார். அடுத்த ஆட்டத்தில் தலையில் அடி. உள்ளே வந்த கோலின் கேப்பர்னிக் அணியை இறுதியாட்டமான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். ஸ்மித்துக்கு அந்த இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கே: முதல் நான்கைந்து ஆட்டங்களில் ஜொலிக்கும் புதுமுகம் பிறகு ஏன் தடுமாறுகிறார்? (வாசகர், தெம்பனிஸ்)

ப: எதிரணிகளிடம் அதற்குள் போதிய காணொளி சேர்ந்துவிடும். அவர் முதலில் யாரைத் தேடுகிறார், அழுத்தம் வந்தால் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகிவிடும். பிறகு பிளிட்ஸ் (குவாட்டர்பேக்கை நோக்கிக் கூடுதல் ஆட்கள் பாய்வது) வருவதுபோல் பாவனை காட்டிப் பின்வாங்குவார்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் முன் 40 விநாடிக் கடிகாரம் ஓடும். அதில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது தலைக்கவச வானொலி நின்றுவிடும். அதன்பின் எதிரணி அடுக்கு மாறினால் பயிற்றுவிப்பாளரின் குரல் உதவாது, அவரே முடிவெடுக்க வேண்டும். ஆட்டம் பார்க்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: முதல் ரிசீவரை மறைத்துவிட்டால் அடுத்தவரைத் தேடுகிறாரா, உடனே ஓடுகிறாரா? ஓடுவதே வழக்கமானால் அணிக்கு மூத்தவர் தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை.

கே: மூத்தவர் எப்போது திரும்புவார் என்று இங்கிருந்தே எப்படிக் கணிப்பது? (வாசகர், ஜூரோங் வெஸ்ட்)

ப: 'இன்ஜர்டு ரிசர்வ்' எனும் நீண்டகாலக் காயப் பட்டியலில் இருந்தால் குறைந்தது 4 ஆட்டம் கிடையாது. பயிற்சிக்குத் திரும்பிய நாள் முதல் 21 நாளுக்குள் 53 பேர் அணியில் சேர்க்காவிட்டால் அந்தப் பருவம் அவருக்கு முடிந்தது. எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் என்றால் வெள்ளிக்கிழமை வரும் காய அறிக்கையைப் பாருங்கள், நமக்கு அது சனி காலை கிடைக்கும். 'டவுட்ஃபுல்' என்றால் அநேகமாக ஆடமாட்டார். 'குவெஸ்ஷனபிள்' என்றால் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும், ஆடாதவர்கள் பட்டியல்வரை காத்திருங்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி ஞாயிறு பகல் 1 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 1 மணி. ஆக, ஞாயிறு இரவு 11.30க்குத் தெரிந்துவிடும். நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். மறுநாள் வேலை இருப்பவர்கள் அங்கு ஞாயிறு இரவு நடக்கும் ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம், இங்கு அது திங்கள் காலை எட்டரைக்குள் (கடிகாரம் மாறியபின் ஒன்பதரைக்குள்) தொடங்கிவிடும். எம்ஆர்டியில் கைபேசியில் பார்க்கத் தோதான நேரம்.

கே: புதியவர் இடக்கைக்காரர் என்றால்? (வாசகி, பிடோக்)

ப: பந்து எதிர்த்திசையில் சுழலும், ரிசீவர்களின் கைக்குப் பழக சில நாள் ஆகும். அதைவிடப் பெரிய மாற்றம் தடுப்பு வரிசையில். அவர் முதுகைக் காக்கும் வேலை இடது டேக்கிளிடமிருந்து (டேக்கிள் என்பவர் தடுப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவர்) வலது டேக்கிளுக்குப் போய்விடும்.